வீட்டை விட்டுப் போக வேண்டியது யார்?

குழந்தைகள் நலக்குழுவின் அறையில் பத்துப் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையில் புத்தகம் இல்லை. இரண்டு செட் துணி, ஒரு சீப்பு, அம்மா டப்பாவில் கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சாதம். எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லப்போவதில்லை. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கூட்டுக்குடும்பம். சித்தப்பா செய்ததைப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லியிருந்தாள். டீச்சர் 1098க்குப் போன் செய்தார். மகளிர் காவல் நிலையத்தில் வழக்கு பதிவானது, சித்தப்பா கைதானார், இரண்டு மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்தார். வந்தவர் எங்கே போவார்? வீட்டுக்குத்தான் வந்தார். ஆகவே அந்த வீடு குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் இல்லை என்று முடிவானது. அவளை இல்லத்தில் சேர்ப்பதற்கான உத்தரவு பக்கத்து அறையில் தட்டச்சாகிக்கொண்டிருந்தது.

"தப்பு பண்ணது அவுருதானே சார்? என்னைய எதுக்கு அனுப்புறீங்க?"

அறையில் சட்டம் படித்தவர் இருந்தார், சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்கள் இருந்தோம், ஆற்றுப்படுத்துநர் இருந்தார். "ஒன் நல்லதுக்குத்தான் பாப்பா" என்றார் ஒருவர். அவள் டப்பாவின் மூடியை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

அந்த உத்தரவுக்கு ஆதாரமான சமூக விசாரணை அறிக்கையை எழுதியவன் நான். பதினைந்து நாளில் தர வேண்டியதை ஒன்பது நாளில் கொடுத்துவிட்டோம் என்று அப்போது பெருமை வேறு. இந்தக் கட்டுரையில் யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் புகார் இதுதான். வீட்டுக்குள் குழந்தைக்குக் கொடுமை நடந்தால், நம் நாட்டில் வீட்டை விட்டுக் கிளம்புவது குழந்தை. செய்தவர் தன் கட்டிலில், தன் தட்டில், தன் தெருவில் இருக்கிறார். நான் பார்த்த கோப்புகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இதுதான் நடந்தது. இதற்குக் 'குழந்தைப் பாதுகாப்பு' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளை எடுத்துப் பாருங்கள். குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவர் குழந்தையுடன் ஒரே வீட்டில் வசிப்பவர் என்றால் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தையை நலக்குழு முன் கொண்டுவர வேண்டும். குழு மூன்று நாளில் ஒரு முடிவெடுக்க வேண்டும். என்ன முடிவு? குழந்தையை அந்த வீட்டிலிருந்து எடுத்து இல்லத்தில் வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று. குழந்தையின் விருப்பத்தைக் கேள், குற்றத்தில் சம்பந்தப்படாத பெற்றோரிடமே அது இருப்பது நல்லதா என்று பார், என்றெல்லாம் அதே விதி அக்கறையோடு சொல்கிறது. நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'எடுக்க வேண்டுமா' என்ற வினையின் செயப்படுபொருள் குழந்தை. அந்த ஆளை எடுக்க வேண்டுமா என்று குழு கேட்டுக்கொள்ளும்படி அந்த இடத்தில் ஒரு வரி இல்லை. வரி இல்லாததால் எங்களுக்கும் தோன்றவில்லை.

இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று தன் அடிப்படைக் கொள்கைகளிலேயே சொல்லிவிட்டது. குடும்ப வன்முறை வழக்குகளில் அந்தக் கடைசி வழி முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுகிறது. ஏனென்றால் அதுதான் சுலபம். குழந்தைக்கு வக்கீல் கிடையாது. அதன் பெயரில் பட்டா இல்லை, ரேஷன் கார்டில் கடைசிப் பெயர். ஆம்பளையை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் சண்டை போட வேண்டும்; குழந்தையை அனுப்ப ஒரு ஜீப் போதும்.

அப்புறம் என்ன ஆகிறது? நடு வருஷத்தில் பள்ளிக்கூடம் போய்விடுகிறது. கூட்டாளிகள் போகிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் 'ஹோம்' என்றால் தப்பு செய்த பிள்ளைகளை அடைக்கிற இடம் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். "தப்பு இல்லன்னா அவள எதுக்கு ஹோமுக்கு அனுப்புறாங்க?" என்று டீக்கடையில் கேட்பதற்கு நாங்களே வழி செய்து கொடுக்கிறோம். வழக்கு விசாரணைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். அதற்குள் தாத்தா வருவார், அத்தை வருவார், "நீ மட்டும் மாத்திச் சொல்லிட்டேன்னா நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன் கண்ணு" என்பார்கள். வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிய லஞ்சம் ஒரு குழந்தைக்கு உண்டா? அது மாற்றிச் சொல்லும். கோர்ட்டில் பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள். விடுதலையான பிறகு, "பாத்தீங்களா, பொய் கேஸு" என்பார்கள். பிறழ்ந்தது சாட்சியா?

இதைச் சொன்னால் எங்கள் துறைக்குள்ளேயே வரும் முதல் பதில், "குடும்பம்னா நாலும் இருக்கும் சார்." இரண்டாவது பதில் கொஞ்சம் படித்த பதில்: "குடும்பத்தை ஒரு யூனிட்டா பாக்கணும்." இரண்டும் ஒன்றுதான். சமூகப்பணி வகுப்பில் குடும்பம் ஒரு அமைப்பு, ஒரு உறுப்பில் கோளாறு என்றால் எல்லா உறுப்பையும் பார்க்க வேண்டும் என்று படித்தோம். குடிப்பழக்கம், கடன், மாமியார் மருமகள் பிணக்கு, படிப்பை நிறுத்திவிட்ட பையன் — இவற்றுக்கெல்லாம் அந்தப் பாடம் நன்றாகவே உதவுகிறது. நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து பேசினால் அவிழாத முடிச்சு அவிழும். ஆனால் ஒருவர் அடிக்க, மற்றவர் அடி வாங்குகிற இடத்தில் 'ரெண்டு பக்கமும் கேக்கணும்' என்று நடுவில் நாற்காலி போட்டு உட்காருவது நடுநிலை ஆகாது. நாற்பது வயது ஆளும் பத்து வயதுக் குழந்தையும் சம எடையுள்ள இரண்டு பக்கங்களா? குழந்தையிடம் கேட்கும்போது அம்மா பக்கத்தில், அப்பா வாசலில், பாட்டி ஜன்னலில். அது என்ன சொல்லும்? 'ஒண்ணுமில்ல சார்' என்று சொல்லும். 'குழந்தை புகார் எதுவும் தெரிவிக்கவில்லை' என்று நாம் எழுதுவோம்.

சமரசம் என்ற வியாதி சமூகப்பணியாளருக்கு மட்டும் வந்ததல்ல. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது, நினைவிருக்கும். கடலூர் மாவட்டத்துப் பெண். குற்றம் நடந்தபோது மைனர். அதனால் பிறந்த குழந்தையைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர். தண்டிக்கப்பட்டவருக்கு ஜாமீன் கொடுத்து, அந்தப் பெண்ணோடு சமரச மையத்தில் பேசி முடித்துக்கொள்ளச் சொன்னது நீதிமன்றம். அந்தப் பெண் மாட்டேன் என்றார். அடுத்த சில நாட்களில், மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொன்னது. ஜூலையில் சென்னை நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேலே இருந்து ஒரு குட்டு விழுந்ததால் அந்த ஒரு உத்தரவு திரும்பியது. ஊர்த் திண்ணையில், காவல் நிலைய மரத்தடியில், ஆற்றுப்படுத்தும் அறையில் தினமும் நடக்கும் சமரசங்களுக்குக் குட்டு வைக்க மேலே யார் இருக்கிறார்கள்?

அடுத்து 'நம்ம கலாச்சாரம்'. இதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலாச்சாரத்தின் பெயரால் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக விசாரித்து எழுதிவைத்த இடம் அது. ஐவரி கோஸ்ட் நாட்டைச் சேர்ந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமியைப் பாட்டி முறையுள்ள ஒரு உறவுக்காரி, நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோரிடம் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். 1999இல் லண்டன் வந்தார்கள். 2000 பிப்ரவரியில் அந்தக் குழந்தை இறந்தது. வயது எட்டு. உடலில் 128 காயங்கள். லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது 12 வந்து போயின என்று 2003இல் அறிக்கை கொடுத்தது. அவளைப் பார்க்காதவர்கள் யார்? மருத்துவமனை பார்த்தது, போலீஸ் பார்த்தது, சமூகப்பணி அலுவலகம் பார்த்தது. உறவுக்காரி முன்னால் அந்தக் குழந்தை விறைப்பாக அட்டென்ஷனில் நிற்குமாம். சமூகப்பணியாளர் அதைக் கவனிக்கவும் செய்தார். கறுப்பினக் குடும்பங்களில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'அப்பா வந்தா எந்திரிச்சு நிக்கும் சார், அவ்ளோ மரியாதை' என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! எத்தனை அறிக்கைகளில் 'குழந்தை பெரியவர்களிடம் கீழ்ப்படிதலுடன் நடந்துகொள்கிறது' என்று நல்ல அம்சமாகக் குறித்திருக்கிறேன்! பயத்தை மரியாதை என்று வாசிக்கிற எழுத்தறிவு நமக்குப் பரம்பரையாக வந்தது. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். அந்தப் பழமொழியை அடி வாங்கினவன் சொல்லியிருக்க மாட்டான்.

இன்னொரு பக்கம், நம்முடைய கோபம். 2018இல் சென்னை அயனாவரம் அடுக்ககத்தில் காது கேளாத 11 வயதுச் சிறுமிக்கு நடந்தது வெளியே வந்தபோது தமிழ்நாடே கொதித்தது. லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று 17 பேர் கைதானார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்கள் அவர்களை அடித்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் வாட்ச்மேன் மேல் பாய்ந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு மாமன் மேலும் சித்தப்பா மேலும் பாய்ந்ததுண்டா? 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் சரிபாதி பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பையன்கள் பாதிக்குச் சற்று மேல். (பையன்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 'ஆம்பளப் புள்ளைக்கு என்ன' என்பதோடு முடிந்தது. அது தனிக் கட்டுரை.)

'தூக்குல போடணும்' என்கிறார்கள். 2019இல் போக்சோ சட்டத்தைத் திருத்தி மரண தண்டனையும் கொண்டுவந்தாயிற்று. செய்தவன் முன்பின் தெரியாதவனாக இருந்தால் அந்தச் சத்தம் நம் மனசுக்கு ஆறுதல். செய்தவர் அப்பாவாகவோ பெரியப்பாவாகவோ இருந்தால்? "நீ வாயத் தொறந்தா அப்பாவத் தூக்குல போட்டுருவாங்க" என்று ஒரு வரி போதும், குழந்தை ஆயுசுக்கும் வாயைத் திறக்காது. நாம் தண்டனையை ஏற்ற ஏற்ற, வீட்டுக்குள் மிரட்டுகிறவருக்கு ஆயுதம் கூர்மையாகிறது. குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். 'அவுரு இங்க இருக்கக் கூடாது', 'இனிமே அப்பிடிச் செய்யக் கூடாது' என்றுதான் சொல்கின்றன. தூக்கு என்ற சொல்லை எந்தக் குழந்தையும் என்னிடம் சொன்னதில்லை.

இதே போக்சோவைக் குடும்பம் யார் மேல் பாய்ச்சுகிறது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பதினேழு வயதுப் பெண் பத்தொன்பது வயதுப் பையனோடு ஊரை விட்டுப் போய்விட்டால், அன்று ராத்திரியே மொத்தக் குடும்பமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். பையன் வேறு சாதி என்றால் வேகம் இன்னும் கூடும். இளம்பருவக் காதல்களைத் தண்டிக்க வந்த சட்டம் இல்லை இது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்து சொன்னது. இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். ஆக, மகள் காதலித்தால் சட்டம் வேண்டும். மகளை மாமா தொட்டால் 'குடும்ப விவகாரம், நமக்குள்ள பேசிக்கலாம்'. இரண்டிலும் காப்பாற்றப்படுவது மானம். குழந்தை அந்த மானத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பாத்திரம்.

'அப்ப அம்மா என்ன செஞ்சுகிட்டிருந்தா?' என்ற கேள்வி இந்நேரம் உங்களுக்கும் வந்திருக்கும். எல்லோருக்கும் வரும். அறிக்கைகளில் 'தாய் உரிய அக்கறை காட்டவில்லை' என்ற வாக்கியத்தை வெட்டி ஒட்டலாம், அவ்வளவு பொது. நான் சொன்ன சிறுமியின் அம்மா தீப்பெட்டி ஒட்டிப் பிழைப்பவர். வீடு மாமனார் பேரில். கணவர் வெளியூரில் டைல்ஸ் வேலை. கொழுந்தனை வெளியே போகச் சொல்ல அவருக்கு அந்த வீட்டில் நாக்கு இல்லை. அவரே வெளியேறி வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டுமென்றால் அட்வான்ஸுக்குப் பணமில்லை. அக்கறை இருந்தது, எலுமிச்சம்பழச் சாதம் கட்டத்தான் அந்த அக்கறைக்கு வழியிருந்தது.

சமூகப்பணி தொடங்க வேண்டிய இடம் இந்த அட்வான்ஸ் பணம் என்று எனக்கு மிகத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆற்றுப்படுத்தும் அமர்வு அதற்கு அப்புறம். வழிகள் இல்லாமல் இல்லை. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்கு நலக்குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு, தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கூடவே இருந்து வழக்கு முழுக்கத் துணை நிற்க ஆதரவு நபரை நியமிக்கலாம்.

மிக முக்கியமானது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். அதன் 19ஆவது பிரிவில், வன்முறை செய்த ஆணை அவர் வசிக்கும் அதே வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வீடு யார் பேரில் இருக்கிறது என்பது தடையில்லை. மகளும் அந்தச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட பெண்தான். அது வேண்டாமென்றால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஜாமீன் மனு வரும்போது, 'வழக்கு முடியும்வரை அந்த வீட்டிலோ அந்தத் தெருவிலோ இருக்கக் கூடாது' என்று நிபந்தனை விதிக்கச் சொல்லி அரசு வழக்கறிஞர் மூலம் கேட்பது. ஒரு பக்கத் தாள்.

நான் அந்தத் தாளை எழுதவில்லை. ஜாமீன் மனு எப்போது விசாரணைக்கு வந்தது என்றே எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் ஒரு கட்டடத்தில் இருந்தார், எங்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இன்னொரு கட்டடத்தில். நடுவில் ஒரு வேப்பமரமும் சைக்கிள் ஸ்டாண்டும். அந்த ஐம்பது அடியைத் தாண்டி ஒரு கோப்பு போய் நான் பார்த்ததில்லை. ஒப்பந்த ஊழியர்கள், குறைந்த சம்பளம், ஒரு ஆளுக்குத் தாலுகா கணக்கில் வேலை, வாகனம் கிடையாது — எல்லாம் உண்மை. இதையெல்லாம் சொல்லித்தான் நானும் பல வருஷம் தப்பித்துக்கொண்டேன்.

'இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்காது சார்' என்பார்கள். ஆஸ்திரியாவிலும் நடக்காது என்றுதான் இருந்தார்கள். அங்கே 1997 மே மாதத்திலிருந்து, வீட்டில் வன்முறை செய்பவரை அந்த இடத்திலேயே வெளியேற்றி, குறிப்பிட்ட நாட்களுக்கு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று தடுக்கும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு. இங்கிலாந்தில் குழந்தையை அரசு பொறுப்பேற்கும் இடைக்கால உத்தரவிலேயே, குழந்தை வீட்டிலிருக்கட்டும், இன்னார் வெளியேறட்டும் என்று சேர்த்து எழுத 1996இல் சட்டம் திருத்தினார்கள். அங்கெல்லாம் குழந்தைகள் சுகமாக இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. கிளிம்பியே இறந்தது அந்தத் திருத்தம் வந்த பிறகுதான். குறைந்தபட்சம் அந்தக் கேள்வியை எழுதிவைத்திருக்கிறார்கள்.

இல்லங்களே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அப்பா அம்மா இருவருமே சேர்ந்து கொடுமை செய்த குழந்தை, திரும்பிப் போக ஒரு வாசல்கூட இல்லாத குழந்தை எல்லாம் உண்டு. நல்ல இல்லத்தில் தலைநிமிர்ந்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அம்மா இருந்து, வீடு இருந்து, பள்ளிக்கூடம் இருந்து, ஒரே ஒரு ஆள் மட்டும் அங்கே இருக்கக் கூடாது என்ற நிலையில், அந்த ஒருத்தரைத் தவிர எல்லாவற்றையும் குழந்தையிடமிருந்து பிடுங்குகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

அந்தச் சிறுமியைச் சேர்த்த இல்லத்துக்கு மூன்றாவது மாதம் போனேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பாள் என எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"தங்கச்சி இப்ப அம்மா பக்கத்துலதான் படுக்குதா சார்?"

தங்கை இருப்பது எனக்குத் தெரியும். ஏழு வயது. என் அறிக்கையில் குடும்ப உறுப்பினர் பட்டியலில் ஐந்தாவதாக எழுதியிருந்தேன். வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஓட்டு வீடு, இரண்டு அறை, மின் இணைப்பு உண்டு, கழிப்பறை உண்டு என்றெல்லாம் குறித்திருந்தேன். யார் எங்கே படுக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை.